கோடி போகும் ஏரி, ஏறும் மீன்

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போகிறவர்களின் கவனம் முழுக்க கன்டெய்னர் லாரிகள் மேலேயே இருக்கும். கொஞ்சம் இடப்பக்கம் திரும்பினால் செம்பரம்பாக்கம் ஏரி தெரியும். 3,645 மில்லியன் கன அடி பிடிக்கும் அந்த ஏரியைச் சென்னைக்காரர்கள் இரண்டு சமயத்தில்தான் நினைப்பார்கள்: கோடையில் வற்றும்போதும், மழையில் திறந்துவிடும்போதும். 2015 டிசம்பர் மாதத் தொடக்கத்தில் வினாடிக்கு 29,000 கன அடி வரை அடையாற்றில் இறங்கியதை ஆற்றோரத்தில் குடியிருந்தவர்கள் இன்னும் மறக்கவில்லை.

அந்த ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இந்தப் பயணத்துக்கு வேண்டிய சங்கதி. பூண்டியிலிருந்து கால்வாயில் வரும் கிருஷ்ணா நீர் ஒரு பக்கம். மழைக்காலத்தில் ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், நேமம் என்று மேலே இருக்கும் ஏரிகள் நிரம்பி வழிந்து வருவது இன்னொரு பக்கம். ஓர் ஏரியின் உபரி அடுத்த ஏரிக்கு வரத்து. பழைய செங்கல்பட்டு மாவட்டம் முழுக்க இந்தச் சங்கிலிதான். நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. ஆகவே சென்னையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் பேருந்து, ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டரும் தண்ணீர் வரும் திசைக்கு எதிராகவே போகிறது. மழைக்காலத்தில் அதே திசையில் போகிற இன்னொரு கூட்டம் உண்டு. அதைப் பார்க்கத்தான் கார்த்திகையில் மழை விட்ட ஒரு காலையில் பென்னலூரில் இறங்கினேன்.

இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டுக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவே சாலையை ஒட்டிய ஊர் பென்னலூர். வெளியூர்க்காரர்களுக்கு ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரி இருக்கும் ஊர் என்றால் புரியும். காலை நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டும். நைட் ஷிஃப்ட் முடிந்தவர்கள் இறங்க, பகல் ஷிஃப்ட்காரர்கள் ஏற, டீக்கடையில் தமிழோடு இந்தியும் ஒடியாவும் கலந்து கேட்கும். கார், லாரி, மோட்டார் சைக்கிள், செல்போன், கண்ணாடி என்று இந்தத் தடத்தில் செய்யாத பொருள் குறைவு. சாலையை விட்டுச் சற்று உள்ளே நடந்தால் சத்தம் அடங்கி, சீமைக் கருவேலமும் பனையும் நிற்கிற ஏரிக்கரை வந்துவிடுகிறது.

ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக வழிவதை இந்தப் பக்கத்தில் கோடி போவது என்பார்கள். கலங்கலுக்குக் கீழே, உபரி நீர் ஓடும் கால்வாயில் முழங்கால் ஆழத்தில் ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். மூங்கில் பறி ஒன்றைத் தண்ணீர் பாயும் இடைவெளியில் சொருகி, இரண்டு பக்கமும் மண்ணும் புல்லும் வைத்து அடைத்துக்கொண்டிருந்தார்.

“ராத்திரி பூரா கோடி போச்சு சார். இன்னிக்கு மீன் ஏறும்” என்றார்.

“ராத்திரியிலயும் ஏறுமா?”

“ராத்திரிதான் ஏறும். பகல்ல கொக்கு வுடுமா?”

“இருட்டுல அதுக்குத் தண்ணி வர்ற பக்கம் எப்படித் தெரியும்?”

பெரியவர் பறியை ஒருமுறை அசைத்துப் பார்த்துக்கொண்டார். “நமக்குத்தான் ரெண்டு கண்ணு. அதுக்கு ஒடம்பெல்லாம் கண்ணு.”

அவர் போகிற போக்கில் சொன்னதைத்தான் விலங்கியல் ஆய்வுக்கூடங்கள் நூறு வருஷத்துக்கு மேலாகப் பிரித்துப் பிரித்துப் பார்த்து வருகின்றன.

கால்வாயில் ஓர் இடத்தில் தண்ணீர் தெளிந்து, அடிமணல் தெரிந்தது. நடுவில் தேங்காய் அளவில் ஒரு கல். கல்லுக்குப் பின்னால் விரல் நீளக் கெண்டைக் குஞ்சுகள் ஐந்தாறு. எல்லாம் தலையைத் தண்ணீர் வரும் பக்கமே வைத்திருந்தன. பக்கத்தில் ஓட்டம் விரைவாக இருந்தும், கல்லின் மறைவில் இருந்தவை வாலை அவ்வளவாக அடிக்கவில்லை. உடம்பு மெதுவாக இடப்பக்கம் சாய்ந்து நகர்ந்தது, பிறகு வலப்பக்கம் நகர்ந்தது, மறுபடி இடம். மேலே மிதந்து வந்த ஒரு வைக்கோல் துண்டைக் கவனித்தபோது காரணம் புரிந்தது. கல்லின் இடப்பக்கம் ஒரு சுழி கிளம்பிக் கீழே போகிறது. அது போனதும் வலப்பக்கம் ஒன்று. மாறி மாறி அதே தாளத்தில். குஞ்சுகள் அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன.

இந்தச் சுழி வரிசைக்கு நூறு வருஷத்துக்கு முன்பே கணக்குப் போட்டவர் தியோடர் வான் கார்மான். விமானத்துக்கும் பாலத்துக்கும் அந்தக் கணக்கு உதவியது. மீன் அதை எப்படிப் பயன்படுத்துகிறது என்பதை 2003இல் ஜேம்ஸ் லியாவோவும் உடன் ஆய்வாளர்களும் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். நீலகிரியில் அவலாஞ்சி ஓடைகளில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட டிரவுட் மீன்தான் அவர்களுடைய ஆய்வுக்கும் உதவியது. ஓடும் நீர்த்தொட்டியில் அரைவட்டத் தூண் ஒன்றை நிறுத்தி, அதன் பின்னால் மீனை விட்டார்கள். தசைகளில் மெல்லிய கம்பி பொருத்தி எந்தத் தசை வேலை செய்கிறது என்று பார்த்தார்கள். வெறும் ஓட்டத்தில் நீந்தும்போது உடம்பின் பக்கத் தசைகள் தலைமாட்டிலிருந்து வால்வரை வரிசையாகச் சுருங்கின. தூணுக்குப் பின்னால் போனதும் தலையை ஒட்டிய தசைகள் மட்டும் லேசாக வேலை செய்தன, மற்றவை ஓய்ந்திருந்தன. சுழிக்குச் சுழி உடம்பை வளைத்துக் கொடுத்து, ஓட்டத்தின் சக்தியையே வாங்கி அந்த மீன் நின்றது. மூன்று ஆண்டுகள் கழித்து வந்த இன்னொரு கட்டுரை இன்னும் வியப்பு. அப்போதுதான் உயிர் போன டிரவுட் ஒன்று, அதே மாதிரி சுழிகளுக்கு நடுவே, தானாக எதிர்த்திசையில் முன்னேறியது. உடம்பின் வளையும் தன்மையே போதுமாக இருந்தது. உயிருள்ள மீன் செய்ய வேண்டியது, சரியான இடத்தைக் கண்டுபிடித்து அதில் போய் நிற்பதுதான்.

அந்த இடத்தை அது எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நெடுஞ்சாலைக்குத் திரும்பும் வழியில் ஓர் அம்மாள் பிளாஸ்டிக் தொட்டியில் ஏரி மீன் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். ஜிலேபி, ரோகு, ஒரு நடுத்தர விரால். “இன்னா வேணும் சார், ஜிலேபி உயிரோட இருக்கு” என்றார். ஒரு ரோகுவையும் ஒரு ஜிலேபியையும் பக்கத்தில் பக்கத்தில் பலகைமேல் வைக்கச் சொன்னேன். ரோகுவின் செவுளிலிருந்து வால்வரை உடம்பின் நடுவே ஒரு கோடு ஓடுகிறது. கூர்ந்து பார்த்தால் அது கோடாக இல்லை. வரிசையாக நாற்பது செதில்களை ஒட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு சின்னத் துளை. ஜிலேபியில் அந்தக் கோடு பாதி முதுகோடு போய், பின்பாதியில் அறுந்து, இரண்டு மூன்று செதில் கீழே இறங்கி மறுபடி தொடங்கி வாலுக்குப் போகிறது. விராலில் வேறு மாதிரி, நடுவில் திடீரென்று கீழே இறங்கியது. மூன்று மீனுக்கும் மூன்று விதம் என்று சொன்னதும் அந்த அம்மாள் அரிவாள்மனையை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார். “நித்தம் அறுக்குறேன், இத்த பாத்ததில்லையே” என்றார்.

பள்ளிப் பாடப்புத்தகத்தில் பக்கக்கோடு என்று ஒரு வரியில் போய்விடும் உறுப்பு இது. துளைகளுக்கு அடியில் தோலுக்குள் ஒரு குழாய் ஓடுகிறது. இரண்டு துளைகளுக்கு நடுவே குழாயின் தரையில் நியூரோமாஸ்ட் என்கிற உணர்வு மொட்டு இருக்கிறது. மொட்டுக்குள் மயிர்ச்செல்கள், அவற்றின் நுனிகளை மூடி ஜெல்லி போன்ற ஒரு குல்லாய். தண்ணீர் அந்தக் குல்லாயைச் சாய்த்தால் மயிர்கள் வளையும். ஒரு பக்கம் வளைந்தால் நரம்பில் துடிப்பு கூடும், எதிர்ப்பக்கம் வளைந்தால் குறையும். நம் காதுக்குள் ஒலியைப் பிடிப்பதும் இதே குடும்பத்துச் செல்தான். ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகள் அளவு மீறினால் மனிதக் காதைக் கெடுப்பதும், மீனின் பக்கக்கோட்டை மழுங்கச் செய்வதும் அதனால்தான். ஒரு வித்தியாசம்: மீன் இழந்த மயிர்ச்செல்களைத் திரும்ப வளர்த்துக்கொள்ளும். நமக்குப் போனால் போனதுதான். தண்ணீரில் கரைந்த செம்பும் இந்தச் செல்களைக் கொல்லும் என்பது ஆய்வகங்களில் பலமுறை பார்த்த உண்மை. மீன் சாகாமலே ஓட்டத்தின் திசை தெரியாமல் போகலாம் என்பதைத் தொழிற்சாலைகள் சூழ்ந்த ஏரிகளின் கரையில் இருப்பவர்கள் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

குழாய்க்குள் இருக்கும் மொட்டுகள் ஒரு வகை. குழாய் இல்லாமல் தோலின் மேலேயே நேராகத் தண்ணீரில் நீட்டிக்கொண்டிருப்பவை இன்னொரு வகை. இரண்டுக்கும் வேலை வேறு. 1997இல் நியூசிலாந்தின் ஜான் மான்ட்கோமரியும் நண்பர்களும் இந்த வேலைப் பிரிவினையை ‘நேச்சர்’ இதழில் காட்டினார்கள். தோல்மேல் உள்ளவற்றைச் செயலிழக்கச் செய்தால், மெதுவான ஓட்டத்தில் மீன் திசை தெரியாமல் நிற்கிறது. குழாய்க்குள் உள்ளவற்றைச் செயலிழக்கச் செய்தால், அந்தக் குறை வருவதில்லை. ஆக, எதிர்முகம் திரும்பி நிற்கச் சொல்வது மேல்தோல் மொட்டு. குழாய் மொட்டுகள் கவனிப்பது அடுத்தடுத்த இரண்டு துளைகளுக்கு நடுவே உள்ள அழுத்த வித்தியாசத்தை. இரை துடிப்பது, பக்கத்து மீன் வாலடிப்பது, கல்லுக்குப் பின்னால் சுழி கிளம்புவது ஆகியவை அதில் பதிகின்றன.

இதைக் கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த இளைஞர் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு கம்பெனியில் பெயின்ட் ஷாப்பில் வேலை, கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர், நைட் ஷிஃப்ட் முடிந்து தூக்கம் வராமல் வந்தவர். நான் முடிப்பதற்குள் பிடித்துக்கொண்டார். “சார், எங்ககிட்ட ஏர் ஃபில்டருக்கு முன்னாடி ஒரு டியூப், பின்னாடி ஒரு டியூப் போகும். நடுவுல ஒரு கேஜ். மொத்தக் காத்து எவ்ளோ அழுத்தமா வருதுன்னு அது காட்டாது. ரெண்டுக்கும் எவ்ளோ வித்தியாசம்னுதான் காட்டும். வித்தியாசம் கூடுனா ஃபில்டர் அடைச்சிருக்குன்னு அர்த்தம். அதானே இது?” அதேதான். அவர் காட்டிய கேஜ் ஒன்று. மீன் உடம்பு நெடுக நூற்றுக்கணக்கில் வைத்திருக்கிறது. சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யிலும் இந்த உறுப்பைப் பார்த்து நுண்ணிய அழுத்த உணரிகளைச் செய்து, நீர்மூழ்கி ரோபோக்களில் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். மெக்ஸிகோவின் குகைகளில் வாழும் கண்ணில்லாத மீன் அவர்களுக்கு முன்மாதிரி. சுவரில் முட்டாமல் முழு இருட்டில் அது சுற்றி வருவது இந்தக் கோட்டின் பலத்தில்.

ஆனால் இளைஞர் சொன்ன கேஜ் ஒரு சிக்கலையும் கிளப்புகிறது. எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் ஓடும் தண்ணீரோடு மீனும் அடித்துப் போனால், வித்தியாசம் என்று ஒன்று இருக்காது. மீனைப் பொறுத்தவரை அது நின்ற தண்ணீர்தான். பகலில் கண் உதவும். 1904இல் லையன் என்கிற அமெரிக்கர் மீன்களைத் தண்ணீர் நிரப்பிய மூடிய புட்டியில் வைத்து ஓடையில் நகர்த்திப் பார்த்தார். புட்டிக்குள் ஓட்டமே கிடையாது. இருந்தும், வெளியே தரை நகர்வதைப் பார்த்த மீன்கள் அதை ஈடுகட்டும் திசையில் நீந்தின. கரை பின்னால் போகாமல் பார்த்துக்கொள்வது அவற்றுக்கு அவ்வளவு ஆழமான பழக்கம். மழைக்காலத்துச் செந்நீரில், அதுவும் ராத்திரியில், கரையும் தெரியாது, தரையும் தெரியாது. அப்போது என்ன செய்யும்?

இதற்கான விடை 2017இல் ஹார்வர்டிலிருந்து வந்தது. பரிசோதனைக்கு வந்த மீன் நம் பக்கத்தது. கங்கைச் சமவெளியின் வயல்வாய்க்கால்களில் துள்ளும் ஜீப்ரா மீன். 1822இல் பிரான்சிஸ் ஹாமில்டன் தன் கங்கை மீன்கள் நூலில் பதிந்தது, இன்று உலகத்து ஆய்வகங்களில் எலிக்கு அடுத்த இடத்தில் இருக்கிறது. அதன் சில நாள் வயதுக் குஞ்சு, நாலு மில்லிமீட்டர் நீளம் இருக்கும். அதை முழு இருட்டில் ஒரு குழாய்க்குள் விட்டுத் தண்ணீரை ஓடவிட்டார்கள். குழாயின் சுவரோரம் தண்ணீர் மெதுவாக ஓடும், நடுவில் வேகமாக ஓடும். குஞ்சின் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் நடுவே இதனால் ஒரு நுண்ணிய வித்தியாசம் வருகிறது. குஞ்சு கடைப்பிடித்த விதி எளியது. வித்தியாசம் குறைந்துகொண்டே போனால் நேரே போ. கூடினால், தண்ணீர் எந்தப் பக்கம் சுழற்றுகிறதோ அந்தப் பக்கமே திரும்பு. இந்த இரண்டையும் திரும்பத் திரும்பச் செய்தால் கொஞ்ச நேரத்தில் தலை ஓட்டத்துக்கு எதிராக வந்துவிடுகிறது. திசைகாட்டி வேண்டாம், ஓட்டத்தின் வேகம் எவ்வளவு என்ற அளவும் வேண்டாம். வேண்டியது ஒன்றுதான்: தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஓடாமல் இருக்க வேண்டும்.

பென்னலூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போய், தெற்கே திரும்பி வல்லம் வழியாக ஒரகடம் போகும்போது இந்த ஒரு வாக்கியம் மனத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. சிங்கப்பெருமாள்கோயில் வரை போகிற அந்தச் சாலை அகலமானது, நேரானது. இரண்டு பக்கமும் மதில்கள், மதில்களுக்கு வெளியே மழைநீர்க் கால்வாய்கள். சாலையின் குறுக்கே வரும் பழைய ஓடைகளுக்குக் கான்கிரீட் குழாயோ பெட்டிப் பாலமோ போட்டிருக்கிறார்கள். ஒன்றின் வாயில் இறங்கிப் பார்த்தேன். குழாயின் உள்பக்கம் கை வைத்தால் வழுக்குகிறது. தண்ணீர் கண்ணாடிப் பட்டையாக, ஒரு சுழிகூட இல்லாமல் வெளியே வந்து, முழங்கால் உயரத்திலிருந்து கீழே விழுந்தது. விழுந்த இடத்தில் பள்ளம் பறித்திருந்தது. அந்தப் பள்ளத்தில் கெண்டைக் குஞ்சுகள் கறுப்பாக மொய்த்துக்கொண்டிருந்தன. அவை ஏறி வந்த வழி அங்கேயே முடிந்துவிட்டது. கரையில் இரண்டு வடமாநிலத் தொழிலாளர்கள் கொசுவலைத் துணியால் அள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அன்று நல்ல குழம்பு.

கணக்குப் போட்டால் விஷயம் தெளிவாகும். 1950களில் கேம்பிரிட்ஜில் ரிச்சர்ட் பெயின்பிரிட்ஜ் அளந்தது இன்றும் முதல் மதிப்பீட்டுக்கு உதவுகிறது. மீன் உயிரைக் கொடுத்துப் பாய்ந்தால் வினாடிக்குத் தன் நீளத்தைப் போல் சுமார் பத்து மடங்கு தூரம் போகும், அதுவும் சில வினாடிகளுக்குத்தான். அஞ்சு சென்டிமீட்டர் கெண்டைக்கு அது அரை மீட்டர். அதற்குமேல் வெள்ளைத் தசை களைத்துவிடும். நாள் முழுக்க நீந்த உதவுவது பக்கக்கோட்டுக்கு அடியில் தோலோடு ஒட்டி ஓடும் சிவந்த தசை. மீன் துண்டில் கறுத்துத் தெரிகிற அந்தப் பட்டைதான். அது தரும் வேகம் பாய்ச்சலில் ஒரு சிறு பங்கு. மழையில் சாலைக்கடிக் குழாயில் தண்ணீர் வினாடிக்கு ஒரு மீட்டர் ஓடினாலே குஞ்சு இடத்தில்கூட நிற்க முடியாது, பின்னால்தான் போகும். ஓடையிலும் அதே வேகம் வரும். ஆனால் ஓடையில் கல் இருக்கும், வேர் இருக்கும், ஓரப் புல் இருக்கும். ஒவ்வொன்றின் பின்னாலும் ஓய்ந்து, மூச்சு வாங்கி, அடுத்த கல்வரை பாய்ந்து, மறுபடி ஓய்ந்து ஏறும். வழுக்குக் குழாயில் ஓய இடம் இல்லை. இருட்டில் திசை காட்டும் வித்தியாசமும் சுவரை ஒட்டிய மெல்லிய படலத்துக்குள் சுருங்கிவிடுகிறது.

எல்லா மீனும் தோற்றுவிடுவதில்லை. பனையேறிக் கெண்டைக்குத் தரையே வழி. டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையதிகாரி டால்டோர்ஃப் 1791 நவம்பரில் தரங்கம்பாடியில் குளக்கரைப் பனை ஒன்றில், தண்ணீருக்கு மேலே அஞ்சடி உயரத்தில், பட்டையின் ஈரமான வெடிப்பில் இந்த மீனைக் கண்டதாக லண்டன் லின்னேயன் சங்கத்துக்கு எழுதினார். செவுள் மூடியின் முள்ளால் பற்றி, வாலை வளைத்து ஊன்றி அது மேலே போய்க்கொண்டிருந்ததாம். மீன் மரம் ஏறுமா என்று பின்வந்தவர்கள் இருநூறு வருஷம் வாதாடினார்கள். மழைக்காலத்தில் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு அது தரையில் நகர்வதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. “பனையேறி கல்லு மேலயே ஏறிப் பூடும் சார், அதுக்கு எந்தக் கொழாயும் வேணாம்” என்று பென்னலூர்ப் பெரியவரும் சொன்னார். மலையோடை மீன்கள் இன்னொரு வழி கண்டவை. இந்திய விலங்கியல் மதிப்பாய்வுத் துறையின் சுந்தர் லால் ஹோரா 1930இல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் எழுதிய நீண்ட கட்டுரை அவற்றைப் பற்றியது. தட்டையான வயிறு, கிடைமட்டமாக விரிந்த துடுப்பு, பாறையைக் கவ்வும் உதடு. பாறையை ஒட்டிய இடத்தில் ஓட்டம் தணியும் என்பது அவற்றின் உடம்பிலேயே எழுதியிருக்கிறது. ஏரிக் கெண்டைக்கு இப்படி எந்த வித்தையும் கிடையாது. அது முழுக்க முழுக்கக் கல்லையும் வேரையும் நம்பியிருக்கிறது.

இது இன்றைக்கு வந்த பிரச்சினையும் இல்லை. சென்னை மாகாணத்தில் மருத்துவராக இருந்து மீனியலாளராக மாறிய பிரான்சிஸ் டே, பாசன அணைகள் மீன் ஏறும் வழியை அடைப்பதை 1873ஆம் ஆண்டு அறிக்கையிலேயே எழுதினார். கொள்ளிடத்தில் ஆர்தர் காட்டன் 1836இல் கட்டிய கீழணை, கடலிலிருந்து காவிரியில் ஏறிவந்த உள்ளம் மீனைத் தடுத்தது. வங்காளிகளின் ஹில்சாதான் அது. பின்னால் அங்கே மீன் ஏணி வைத்துப் பார்த்தார்கள். படிப்படியாகத் துள்ளி ஏறும் சால்மனுக்காக மேற்கே உருவான யோசனை அது. துள்ளாத உள்ளத்துக்கு உதவவில்லை. 1934இல் மேட்டூர் அணை வந்தபின் காவிரி உள்ளத்தின் கதை ஏறக்குறைய முடிந்தது. எந்த மீன், எப்படிப்பட்ட ஓட்டத்தில், எப்படி ஏறும் என்று பார்க்காமல் கட்டிய வழி, கட்டாத வழிதான்.

நம் ஏரிகளில் இன்று நிறைய பிடிபடும் கட்லாவும் ரோகுவும் ஏறி வந்தவை கிடையாது, குஞ்சாக வாங்கி விட்டவை. அவையும் ஓட்டத்துக்குப் பிறந்த மீன்கள்தான். நின்ற குளத்தில் வளரும், முட்டை வைக்காது. வெள்ளம் புரளும் ஆற்றில்தான் வைக்கும். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹிராலால் சவுத்ரியும் அலிகுஞ்ஞியும் ஹார்மோன் ஊசி போட்டு இந்தக் கெண்டைகளை முட்டையிட வைத்தார்கள். அந்த நாளைத்தான் நாடு மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறது. ஊசி வந்தபின்னும் ஓட்டத்தை விடமுடியவில்லை. இன்றைய குஞ்சுப் பொரிப்பகங்களில் வட்டத் தொட்டியில் தண்ணீரைச் சுற்றவிடுகிறார்கள். ஊசி போட்ட மீன்கள் அந்தச் சுற்றை எதிர்த்து நீந்தியபடியே முட்டை விடுகின்றன.

ஒரகடத்தில் கால்வாய்க்குச் சிமென்ட் பூசிக்கொண்டிருந்த இடத்தில் மேஸ்திரி ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். தரையில் கல் பதிக்க முடியாதா என்று கேட்டேன். “தண்ணி நிக்காம ஓடணும் சார். அதுக்குத்தான் பூசுறோம். கல்லப் போட்டா குப்பை அடைக்கும், அப்புறம் ரோட்டுக்கு வரும், எங்களத்தான் கேப்பாங்க” என்றார். 2015ஐப் பார்த்த யாரும் அவர் சொன்னதைத் தள்ளிவிட முடியாது. வெள்ளம் விரைவாகக் கடலுக்குப் போக வேண்டும் என்பது மனிதர்களின் நியாயம்.

ஆனால் மீன் கேட்பது முழுக் கால்வாயையும் இல்லை. இந்தப் பக்கத்துப் பழைய கலங்கல்களைப் பாருங்கள். முகட்டில் இடைவெளி விட்டுக் குத்துக்கற்கள் நட்டிருப்பார்கள். மழை முடியும் தறுவாயில் கற்களுக்கு நடுவே மண்ணும் புல்லும் வைத்து அடைத்து, ஏரியில் இன்னும் ஒரு முழம் தண்ணீரைத் தேக்குவதற்காக நட்டவை அவை. மீனுக்காக நட்டவை அல்ல. ஆனாலும் ஒவ்வொரு கல்லின் பின்னாலும் சுழி விழுந்தது, கீழே கரடுமுரடான கல்தளம் ஓட்டத்தை உடைத்தது, மீன் ஏறியது. பல நாடுகளில் இப்போது சாலைக்கடிக் குழாய்களைப் போடும்போது இதையேதான் விதியாக வைத்திருக்கிறார்கள். குழாயை ஓடையின் தரைமட்டத்துக்கு மேலே தூக்கி வைக்காமல், கொஞ்சம் கீழே புதைக்கிறார்கள். அடியில் ஓடையின் மணலும் கல்லும் தானே படிகிறது. படியாத இடத்தில் குறுக்குத் தடுப்புகளோ பதித்த கற்களோ வைக்கிறார்கள். அதனால் கொள்ளளவு கொஞ்சம் குறையும். அந்த அளவுக்குக் குழாயைப் பெரிதாகப் போட்டால் சரியாகிவிடும். பெருவெள்ளம் மேலே தன் வழியில் போகும். மீனுக்கு வேண்டியது அடியில் ஒரு சாண்.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தடத்தில் இன்னும் சாலைகள் அகலமாகும், இன்னும் பாலங்கள் போடுவார்கள். எவ்வளவு மழைக்கு எவ்வளவு அகலம் என்று கணக்குப் போடும் மேசைக்கு இந்த ஒரு சாணையும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். டெண்டரில் எழுதாததை எந்த மேஸ்திரியும் பதிக்க மாட்டார்.